பெண் பார்க்கும் நாளில் ஸ்டோனர் ராக்

"ஸ்டோனர் ராக்னா கித்தார் சேத்துல மாட்டுன டிராக்டர் மாதிரி உறுமணும். இந்தப் புது ஆல்பம் குளிச்சுப் பவுடர் பூசிட்டு வந்திருக்கு!"

"உங்க காதைக் கழுவிட்டுக் கேளுங்க லா! பழைய ஆல்பத்துல ஒரே பாட்டைத் தூங்கித் தூங்கி வாசிச்சானுங்க!"

சுங்கை லாலாங்கில் காஞ்சனா வீட்டு அடுக்களையில் வடை சுட்டுக்கொண்டிருந்த புஷ்பவள்ளிக்குச் சன்னல் வழியே இது கேட்டதும் பகீரென்றது. யான் என்ற ஊரிலிருந்து மாப்பிள்ளையைப் பேசி வரவழைத்தவளே அவள்தான். இதுவும் முறிந்தால் காஞ்சனாவின் அம்மா ஷாமளா முகத்தில் எப்படி விழிப்பது? கூடத்துக்கு ஓடினாள்.

"அக்கா, உங்க மக வெளியே மாப்பிள்ளைகூட சண்டை போடுது!"

சோபாவில் வடையும் வாயுமாக இருந்த விக்னேஸ்வரன் நிமிர்ந்தார். "நான் இங்கேதானே இருக்கேன்?"

"அப்ப வெளியே யாரு?"

"என் கூட்டாளி காளிதாசன். காடி ஓட்டிட்டு வந்தான். வழியெல்லாம் அந்த ஆல்பத்தைத் திட்டியே என் தலையைத் தின்னுட்டான்."

"காடியில இருந்த தம்பிக்குக் காப்பி குடுக்கத்தானே அவளை அனுப்பினேன்!" என்றாள் ஷாமளா.

தை மாதம் காஞ்சனாவுக்குக் கல்யாணம் முடிந்தது. இப்போது காளிதாசனோடு ஜித்ராவில் இருக்கிறாள். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லையாம்.

விக்னேஸ்வரன் இன்னமும் பெண் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால், காரை மட்டும் தானே ஓட்டிக்கொண்டு போகிறார்.