முள் நடுவில் நிற்கும் வரை

வாளையாறு எல்லையில் இருக்கும் எங்கள் கல்லூரி வானொலிக்கு இருமொழி உரிமம். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் தமிழும் மலையாளமும் சம அளவு ஒலிக்க வேண்டும். ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் அதிகாரிகள் பூட்டிவிட்டுப் போன பெட்டி, இரண்டையும் எடை போட்டபடியே இருக்கும். நிகழ்ச்சி முடியும்போது அதன் முள் நடுவில் நிற்காவிட்டால் உரிமம் அப்போதே ரத்து.

இன்று தமிழ் அறிவிப்பாளன் மருதாசலம், அடுத்த பாட்டைச் சொல்ல வேண்டிய இடத்தில், மலையாள அறிவிப்பாளர் நிமிஷாவிடம் காதலைச் சொல்லிவிட்டான். சொன்னவன் பதற்றத்தில் நிறுத்தத் தெரியாமல் பேசிக்கொண்டே போனான். முள் தமிழ்ப் பக்கம் சாய்ந்து படுத்துவிட்டது.

"அடப்பாவி, கம்முனு இருடா! லைசென்ஸ் போயிரும்!" என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினேன்.

நிமிஷா ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தாள். முதல் மூச்சிலேயே மலையாளத்தில் ஒரே வார்த்தையில் சம்மதம் சொன்னாள். வானொலி கேட்டுக்கொண்டிருந்த எதிர் விடுதி முழுக்க விசில் பறந்தது. முள் மட்டும் அசையக்கூட இல்லை. வேறு வழியில்லாமல் அவனுடைய குறைகளை எடுத்துவிட ஆரம்பித்தாள். குளிக்காமல் வருகிறான், அவள் பரோட்டாவில் கை வைக்கிறான், அழுமூஞ்சிப் பாட்டாகவே போடுகிறான். ஒவ்வொன்றுக்கும் விடுதி கைதட்ட, முள் எழுந்து நடுவுக்கு வந்து நின்றது.

பூரித்துப்போன மருதாசலம் நன்றி சொல்ல வாயைத் திறந்தான். நிமிஷா ஒரு கையால் அவன் வாயைப் பொத்தி, மறுகையால் ஒலிவாங்கியின் விசையை அணைத்து நிகழ்ச்சியை முடித்தாள்.

நான் உள்ளே ஓடினேன். "பாவம்டி, ஒரு வார்த்தை பேச விட்டிருக்கலாம்ல?"

"அப்புறம் பதிலுக்கு நானும் பேசணுமே!" என்றாள். "சொல்றதுக்கு இவன்கிட்ட இனி ஒரு குறைகூட பாக்கி இல்லடி."