ஆட்சேபனைக்கான நிமிடம்

தேர்தல் நடக்காத ஏழாவது வருடம் அது. நகர மன்றத்தின் அறுபது நாற்காலிகளிலும் வார்டு எண் இருந்தது, ஆள் இல்லை. மன்றத்தின் அதிகாரம் முழுவதும் தனி அலுவலர் ஒருவரிடம் இருந்தது. அவர் தன் அறையிலேயே கையெழுத்துப் போட்டு முடித்துவிடலாம். ஆனால் முறை தவறாதவர். மாதக் கடைசியில் கோப்போடு மன்றத்துக்கு வருவார். தீர்மானத்தைப் படித்துவிட்டு, தலை தூக்காமலே, "ஆட்சேபனை உண்டா?" என்று கேட்பார். ஒரு நிமிடம் கழித்து தபேதார் மாரப்பன் கைமணியை அடிப்பார். அலுவலர் 'ஒருமனதாக நிறைவேறியது' என்று எழுதுவார். முந்நூற்றுச் சொச்சம் தீர்மானங்கள் அப்படித்தான் நிறைவேறின.

அன்று படித்தது, நாற்பத்து மூன்றாவது வார்டில் வாய்க்கால் கரை வீடுகளை இடிக்கும் தீர்மானம். மாரப்பன் பிறந்ததும் பெண்ணைக் கட்டிக்கொடுத்ததும் அந்தக் கரையில்தான்.

"ஆட்சேபனை உண்டா?"

சுவர்க் கடிகாரத்தில் ஒரு நிமிடம் போனது. இன்னொன்றும் போனது. அலுவலர் திறந்த பேனாவோடு திரும்பினார். சிவப்பு அங்கியில் விறைப்பாக நின்ற மாரப்பன், மணியின் நாக்கை விரல்களால் இறுகப் பிடித்திருந்தார்.

"என்ன மாரப்பன், நேரம் ஆகலையா?"

"ஆயிருச்சுங்கய்யா."

"அப்புறம்?"

"நாப்பத்து மூணுல இருந்து இன்னும் பதில் வரலீங்க."

அலுவலர் நாற்காலிகளின் பக்கம் பார்த்தார். நாற்பத்து மூன்று எங்கே இருக்கிறது என்று அவர் தேட வேண்டியிருந்தது.