ஏரிப் பூச்சி

கண் தெரிவதற்கு என்ன விலை? சோப்பக்காவின் கார் கழுவும் கடையில் முந்நூறு.

கோடையில் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி வரும் எந்தக் காரும் ஒரு பூச்சி மாநாட்டையே முகத்தில் அப்பிக்கொண்டுதான் வந்து நிற்கும். அவசரக்காரர்கள் நகத்தால் சுரண்டிக் கண்ணாடியைக் கீறிவிடுவார்கள். அவள் சுரண்ட மாட்டாள். சோப்புத் தண்ணீரில் முக்கிய பழைய துண்டைப் போர்த்திப் பத்து நிமிடம் ஊற விடுவாள். பிறகு விரல் பட்டாலே வழித்துக்கொண்டு வந்துவிடும்.

பேரம் பேச வருகிறவர்களுக்கு ஒரே பதில்தான்.

"பூச்சி போகணும்னா முந்நூறு. பூச்சியோடயே குடித்தனம் பண்றதுன்னா இலவசம்."

அன்று துண்டுக்கடியில் ஊறிக்கொண்டிருந்தது அவள் தம்பியின் கார். பக்கங்களையும் கூரையையும் கழுவி முடித்துவிட்டாள். முன்பக்கமும் டிக்கியும்தான் பாக்கி.

தம்பியிடம் அவள் எப்போதும் காசு வாங்குவதில்லை. கூடப் பிறந்தவன் என்பது ஒரு காரணம். கேட்டாலும் வராது என்பது இன்னொரு காரணம். பையிலிருந்து ஒரு நோட்டை உருவுவதென்றால் அவனுக்குத் தோலை உரிப்பது மாதிரி.

அப்படிப்பட்டவன், முந்தாநாள் இதே காரில் அவள் கணவரை மலை மேலிருக்கும் மருத்துவமனைக்கு அழைத்துப்போனான். முதுகு வலிக்குப் பத்து நாள் சிகிச்சை. உள்ளே போனை அனுமதிக்க மாட்டார்கள் என்றான். செலவு முழுக்கத் தன்னுடையது என்றான்.

அந்தக் கடைசி வார்த்தையில்தான் அவள் நெகிழ்ந்துபோனாள்.

ஒரு வருடச் சண்டை ஓய்ந்தது என்றும் நினைத்தாள். சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள் என்றதும் கடை இருக்கும் இடத்தின் விலை எகிறிவிட்டது. விற்றுவிடலாம் என்று தம்பி நச்சரித்தான். உயிரோடு இருக்கும்வரை விற்க மாட்டேன் என்றார் கணவர். இடம் புருஷன் பெண்டாட்டி இருவர் பெயரிலும் இருந்தது. பிள்ளை குட்டி இல்லை. அவர்களுக்குப் பிறகு எல்லாம் தம்பிக்குத்தான் என்று சொந்தக்காரர்கள் எப்போதோ வாயாலேயே பத்திரம் எழுதி முடித்திருந்தார்கள்.

துண்டைத் தூக்கினாள்.

ஒரு வண்டியின் முகத்தைப் பார்த்தே அது எங்கே போய்வந்தது என்று அவள் சொல்லிவிடுவாள். சொல்லிவிடுவாள் என்பது பேச்சுக்குத்தான். வாயைத் திறந்தால் பாதி டிரைவர்களுக்கு வேலை போய்விடும், மீதிப் பேருக்குக் குடும்பம் போய்விடும், அவளுக்கு வாடிக்கை போய்விடும். வயல் பக்கம் போன வண்டியில் பச்சை வண்டு இருக்கும். மலைக்குப் போய்வந்ததில் தேனீ இருக்கும்.

இதில் ஒரு தேனீகூட இல்லை.

கண்ணாடி முழுக்க வெள்ளைச் சிறகு. ஊதினால் பறக்கிற மாதிரி மெலிந்த உடம்பு. ஏரிப் பூச்சி. தண்ணீரோரம் பிறந்து, இருட்டியதும் வெளிச்சத்தைத் தேடி வந்து, அங்கேயே செத்துப்போகும். கரையைத் தாண்டி அதிக தூரம் பறக்காது.

மலை வடக்கே இருக்கிறது. ஏரி தெற்கே.

"மலையில எப்படிடா இருந்துச்சு?" தண்ணீர் ஹோஸை எடுத்தபடி கேட்டாள்.

நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தம்பி போனிலிருந்து தலை தூக்கவில்லை.

"செம குளிருக்கா. மாமா ரெண்டாவது போர்வை கேட்டாருன்னா பாத்துக்கோ."

திரும்பி வந்தவன் வேறு ஏதோ சோலியாக அந்தப் பக்கம் போயிருப்பான். கடன் கொடுத்தவனோ, ரகசியச் சிநேகிதியோ, யாரோ. ஏரிக்கரை வழியாக வண்டி ஓட்டிப் போயிருந்தால் முன்பக்கம் ஒட்டத்தானே செய்யும். அப்படித் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு பின்பக்கம் போனாள். விளிம்பைத் துடைப்பதற்காக டிக்கியைத் திறந்தாள்.

உள்ளே சின்ன விளக்கு எரிந்தது.

விளக்கைச் சுற்றி வெள்ளைச் சிறகுகள் பிய்த்துப்போட்ட பஞ்சு மாதிரி குவிந்து கிடந்தன. ரப்பர் விளிம்பு நெடுக நசுங்கி ஒட்டியிருந்தன. அடியில் எப்போதும் கிடக்கும் கறுப்பு விரிப்பைக் காணவில்லை.

ஓடுகிற வண்டியின் டிக்கிக்குள் பூச்சி போகாது. வண்டி நின்றிருக்கிறது. இருட்டில், தண்ணீரோரம், டிக்கியைத் திறந்துபோட்டு, வெகு நேரம்.

கையிலிருந்த ஹோஸிலிருந்து தண்ணீர் அவள் பாதத்தின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. அதில் மிதந்து சில வெள்ளைச் சிறகுகள் சாக்கடைப் பக்கம் போயின. முக்கால் வண்டியை அவள் கையாலேயே கழுவித் தள்ளியிருந்தாள்.

வேறு கடையில் விட்டிருந்தால் ஒரு ஈ காக்காய்க்குத் தெரிந்திருக்காது. முந்நூறை மிச்சம் பிடிக்க இங்கே கொண்டுவந்திருக்கிறான். அவனுக்கு எல்லாப் பூச்சியும் வெறும் பூச்சிதான்.

"முடிஞ்சுதாக்கா?"

"இல்லடா. இன்னும் ஊறணும்."

குரல் நடுங்கவில்லை. வண்டிகளில் கண்டதை வெளியே காட்டாமல் இருபது வருடம் வியாபாரம் செய்த குரல்.

"சீக்கிரம் பண்ணு. சாயங்காலம் நீயும் கிளம்பு. உன்னப் பாத்தே ஆகணும்னு மாமா ஒத்தக்கால்ல நிக்கிறாரு. நானே கூட்டிட்டுப் போறேன், டீசல்கூட என் செலவு."

டிக்கியைச் சத்தமில்லாமல் மூடினாள். ஒரு சிறகுகூடக் கலையாதபடி, முன்கண்ணாடி மேல் காய்ந்த துண்டு ஒன்றை விரித்தாள். கார்ச் சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

முந்தாநாள் போனவர்கள் இரண்டு பேர்.

திரும்பி வந்தவர் ஒருவர்.

இன்று சாயங்காலம் போகவேண்டியவர்கள், மறுபடியும் இரண்டு பேர்.