வாகை நின்ற இடம்

"என்னய மன்னிச்சிருங்க, யக்கா. கொன்னது நாந்தான்."

ஓவர்சியர் ராமசுப்புவுக்கு வேர்த்து ஊற்றியது. விளாத்திகுளம் ரோட்டோரம் வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்த வெயிலம்மாள் பதறிப்போய் நிமிர்ந்தாள்.

"யாரக் கொன்னீங்கய்யா?"

"இந்த வாகைய." அவள் பக்கத்தில் மொட்டையாக நின்ற அடிமரத்தைக் காட்டினார்.

சாலையை அகலப்படுத்த அதை வெட்டச் சொன்னவர் அவர்தான். அப்போது ஒன்றும் உறுத்தவில்லை. பிறகு, நகரத்தில் மரம் வளர்க்கும் விதத்தைப் பார்த்துவர அவரைப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து ஒரு தோட்ட அதிகாரி பதிலுக்கு அவருடைய கோவில்பட்டி அலுவலகத்துக்கு வந்துபோனார்.

பெங்களூரில் ஒரு தெரு, நடுவில் நின்ற கிழட்டு மரத்துக்காக வளைந்து போனது. ராமசுப்பு வாய்பிளந்து நின்றார்.

"ரோடுதானே, வளைச்சுக்கலாம். உங்க ஊர்ல வெட்டிடுவீங்களா?" என்று சுற்றிக்காட்டக் கூட வந்த, தமிழ் தெரிந்த பெங்களூர் அதிகாரி கேட்டார்.

"சேச்சே! நாங்க மரத்துல கையே வைக்க மாட்டோம்."

அந்தப் பொய் சொன்ன நாளிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை.

ஊர் திரும்பியதும் கண்ணில் பட்டவள் வெயிலம்மாள். மரம் இருந்தவரை எதிர்ப்பக்கம், சுள்ளென்று அடிக்கிற வெயிலில் கூடையை வைத்திருந்தவள், இப்போது அடிமரத்தை ஒட்டியே உட்கார்ந்திருந்தாள். இழவு வீட்டில் பிணத்தை விட்டு நகராமல் இருப்பவளைப் போல அவருக்குத் தோன்றியது.

"பெங்களூர்லருந்து மடியிலேயே வச்சுக் கொண்டாந்தேன், யக்கா. ரோட்ட வளைச்சுக்கிடுதேன். இதே இடத்துல நட்டு, நானே தண்ணி ஊத்துதேன்." கொண்டுவந்த கன்றைக் கீழே வைத்தார். அடிமரத்தை ஒட்டிய கரிசல் வெடிப்பில், கையோடு எடுத்துவந்திருந்த கடப்பாரையை ஓங்கிப் போட்டார்.

வெயிலம்மாள் பாய்ந்து கடப்பாரையைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்கன வேண்டாம்யா!"

"உங்க வயித்தெரிச்சல் எனக்குத் தெரியுது. வாய்க்கு வந்தபடி வைஞ்சிருங்க. அப்பவாச்சும் எம்மனசு ஆறும்."

அவள் வையவில்லை. முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

"ஆட்டுக்குக் குழை ஒடிக்க ஏறுன எம்மவன், அந்த வாகையிலருந்து விழுந்துதான் செத்தான்" என்றாள். "நீங்க அத வெட்டிச் சாச்ச அன்னைக்குத்தான்யா நான் வயிறாரச் சோறு தின்னேன்."