கடைசிக் கொசுவலை

"காய்ச்சல் வந்தவனுக்கு எதுக்குய்யா கொசுவலை? கடிக்க வேண்டியது ஏற்கெனவே கடிச்சாச்சே!"

மாடிப்படியில் யாரோ சொல்லிச் சிரித்தது வீட்டுக்குள் இருந்த அவள் காதில் விழுந்தது. அவ்வளவுதான். எட்டு மாத வயிற்றோடு விருட்டென்று எழுந்தாள்.

தெருவில் வீட்டுக்கு ஒரு காய்ச்சல். காலையில் கடையில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு கொசுவலை. வரிசையில் அவள் கணவனுக்கு முன்னால் காய்ச்சலோடு நின்ற, அதே மாடியின் எதிர்வீட்டு எலெக்ட்ரீஷியன் அதை வாங்கிக்கொண்டு விடுவிடுவென்று நடந்துவிட்டான்.

"கெஞ்சிப் பார்த்தேன். காதுலயே வாங்கலை" என்றான் கணவன்.

"நான் போய்க் கேட்கிறேன் நாலு வார்த்தை!"

"ஏய், மெதுவா நட!"

மேல்வீட்டு அக்கா, பேப்பர் போடுகிறவர், படியில் நின்ற இன்னும் நாலு பேர் என்று ஒரு கூட்டமே பின்னால் வந்தது.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளினாள்.

பட்டப்பகலில், கொசுவலைக்குள், போர்வையைச் சுற்றிக்கொண்டு நடுங்கியபடி உட்கார்ந்திருந்தான். தனி ஆள்.

"ஏண்ணே, மனசாட்சி இருக்கா உங்களுக்கு? பக்கத்துல ஒரு பிள்ளைத்தாச்சி இருக்கிறது தெரியாதா?"

"உள்ள வராதீங்கம்மா! கதவைச் சாத்துங்க!"

"அதட்டலைப் பாரு!" என்றாள் மேல்வீட்டு அக்கா.

அவனுக்குப் பல் தந்தியடித்தது.

"நர்ஸம்மா சொன்னாங்க... இந்தக் கொசு பகல்லதான் கடிக்குமாம். இந்த அஞ்சு நாள் என்னைக் கடிக்கிற கொசுதான் அடுத்த ஆளுக்குக் காய்ச்சலைக் கொண்டுபோகுமாம். எதிர்ல நீங்க இருக்கீங்க. வலை ஒண்ணுதான். நீங்க கட்டிக்கிட்டா உங்க ஒருத்தருக்குத்தான் காவல். நான் கட்டிக்கிட்டா இந்தக் கட்டடத்துக்கே காவல்."

"இதைக் கடையிலயே இவர்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"நின்னு பேசினா, அங்க இருக்கிற கொசு சும்மா கேட்டுக்கிட்டு இருக்குமா?"

பேப்பர் போடுகிறவர் மெல்ல நழுவினார்.

வலையின் ஓரம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. தடுத்த கணவனின் கையை விலக்கிவிட்டு, வயிற்றைப் பிடித்தபடி அவள் மண்டியிட்டாள். மெத்தையைச் சுற்றி வந்து, வலையின் ஓரத்தை இடைவெளி இல்லாமல் அடியில் செருகினாள்.