மாறாத வெப்பநிலை

பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கான மாடல் தேர்வின் கடைசிக் கேள்வியில் ஓர் இரும்புத் தட்டு இருந்தது. நான்கு ஓரங்களிலிருந்தும் அதற்குள் சூடு வந்துகொண்டே இருக்கிறது, எங்கும் வெளியேறவில்லை. தட்டின் மாறாத வெப்பநிலையைக் காண்க. பெனசீர் மூன்றே வரி எழுதிப் பேனாவை மூடினாள். உள்ளங்கைகள் இரண்டையும், அந்தத் தட்டின் மேலேயே வைப்பவள்போல, மேசைமேல் விரித்து வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். கேள்வித்தாளைத் தயாரித்த பேராசிரியர் தில்லைநாயகம்தான் கண்காணிப்பில் இருந்தார். அருகில் வந்து குனிந்தார். "என்னம்மா, இருபது மார்க் கணக்கு. மூணு வரியில முடிச்சிட்ட?" "விடையே கிடையாது சார். உள்ள வர்ற சூடு வெளிய போக வழியில்ல. தட்டு சூடாகிட்டேதான் இருக்கும்." அவர் அந்த மூன்று வரிகளைப் படித்தார். பிறகு தன் கையிலிருந்த கேள்வித்தாளை, வேறு யாரோ தயாரித்ததைப்போல, மெதுவாகப் படித்தார். "நல்லா யோசிச்சியா?" அவள் கைகளை எடுக்கவில்லை. "யோசிச்சிட்டேன் சார்" என்றாள், கூடத்துக்கே கேட்கும்படி. யாரும் திரும்பவில்லை. எல்லாத் தலைகளும் குனிந்து வேகமாக எழுதிக்கொண்டிருந்தன. முன்வரிசையில் ஒருவன் மட்டும் கையைத் தூக்கினான். "சார், இன்னொரு அடிஷனல் ஷீட்."