நீட்டாத விரல்

கடலில் சுழல் இறங்கினால் விரல் நீட்டிக் காட்டக் கூடாது, நீட்டிய விரலைப் பார்த்து அது படகைத் தேடி வந்துவிடும் என்பது அந்தக் கரைக்காரர்களின் நம்பிக்கை. தாடையை உயர்த்தித்தான் காட்டுவார்கள்.

அன்று மேகத்துக்கும் கடலுக்கும் நடுவே கருந்தூணாக ஒரு பெரிய சுழல் நின்றது. அதைச் சுற்றி மூன்று சின்னச் சுழல்கள் வளையவந்தன. சுக்கான் பிடித்திருந்த எஸ்தாக்கி பெரியதிலிருந்து கண்ணெடுக்காமல் படகை ஒதுக்கிக்கொண்டிருந்தான். முன்முனையில் அவனைப் பார்த்து உட்கார்ந்திருந்த தம்பி பாஸ்கால்தான் கண்டான். சின்னதில் ஒன்று கூட்டத்தை விட்டுப் பிரிந்து, அண்ணனின் முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது.

"அண்ணே, பின்னால!"

எதிர்க்காற்று குரலை அவன் வாய்க்குள்ளேயே திணித்தது. விரல்களைத் தொடையோடு அழுத்திக்கொண்டு தாடையை உயர்த்தினான். மறுபடியும் உயர்த்தினான்.

"பெருசத்தானல சொல்லுத? பாத்துட்டேன், பயப்படாத" என்று சிரித்தான் எஸ்தாக்கி.

மறுநாள் அண்ணனைத் தேடப் போன படகில், தனியாகக் கரையேறியிருந்த பாஸ்காலும் இருந்தான். "எந்தப் பக்கம்ல?" என்று கேட்டார்கள். அலையடங்கிக் கிடந்த கடலை நோக்கி அவன் விரலை நீட்டினான்.

"ஏல, விரல மடக்கு!" என்று பதறினார்கள்.

அவன் மடக்கவில்லை. கை வலித்தபோது, மற்றக் கையால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான்.